கொஞ்சம், கொஞ்சந்தான், கொஞ்சங்கூட

என் சித்தப்பா மகன் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறான். நேரடி எக்ஸ்போர்ட் இல்லை. பெரிய கம்பெனிக்கு வந்த ஆர்டரில் ஒரு பகுதியை வாங்கித் தைத்துக் கொடுப்பவன். பையர் எழுதும் மெயில் அவனுக்கு நகலாக வரும். இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் ராத்திரி போன் செய்தான்.

"அண்ணா, ஷேடு அப்ரூவல் வந்துருச்சுங்ணா. காலைல கட்டிங் போட்டுடறேன்."

நான் சோமனூரில் வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லதுப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். மெயிலைக் காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த வரி இது: 'தி ஷேடு ஆஃப் லாட் 3 ஈஸ் ஹார்ட்லி அக்செப்டபிள்.'

ஹார்ட்லி என்றால் கஷ்டப்பட்டு, அரிதாக. அக்செப்டபிள் என்றால் ஏற்கத்தக்கது. ஆக, 'கஷ்டப்பட்டு ஏத்துக்கறோம்'. அவன் மட்டும் இல்லை, கம்பெனியில் இருந்த மெர்ச்சண்டைசர் பையனும் அப்படித்தான் படித்திருக்கிறான். துணியாக இருந்திருந்தால் திரும்பச் சாயப்பட்டறைக்கு அனுப்பி ஷேடு சரிபண்ணியிருக்கலாம். வெட்டின துணியை என்ன செய்ய? அந்த லாட் முழுக்கத் தைத்து, லேபிள் இல்லாமல், காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குப் போனது. கம்பெனி அவன் கூலியில் பிடித்தம் செய்துகொண்டது.

இதே வரியில் ஹார்ட்லிக்குப் பதில் 'பேர்லி' இருந்திருந்தால் அவன் படித்தது சரி. பேர்லி அக்செப்டபிள் என்றால் மயிரிழையில் தப்பித்தது, ஆனால் தப்பித்தது. ஹார்ட்லி அக்செப்டபிள் என்றால் இதையெல்லாம் ஏற்க முடியாது. நம் பள்ளிக்கூட நோட்ஸில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் இருந்தது: அரிதாக. ஸ்கேர்ஸ்லிக்கும் அதேதான்.

எனக்கு மொழியியல் பட்டம் எதுவும் கிடையாது. பி.இ. படித்துவிட்டுக் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு லாட் துணி போனதிலிருந்து, 'கொஞ்சம்' என்று சொல்லும் ஆங்கில வினையடைகளை யார் யார் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் படிப்பில் எனக்குத் தோன்றிய குறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் எல்லார் வீட்டிலும் இருந்த ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்த புத்தகம். இன்றைக்கும் சோமனூர் புக் ஸ்டாலில் கேட்டால் கிடைக்கும். வினையடைகளில் ஒரு வகையாக, 'எவ்வளவு, எந்த அளவுக்கு' என்று காட்டுபவை என ஒரு வரையறை தருகிறது. ரொம்ப சரியான வரையறை. ஆனால் அதில் இருப்பது அளவு மட்டும்தான். 'லிட்டில்' வேறு, 'எ லிட்டில்' வேறு, முன்னதற்கு எதிர்மறைத் தொனி, பின்னதற்கு உடன்பாட்டுத் தொனி என்று அழகாகச் சொல்கிறார்கள். அதை வினையடைப் பகுதியில் சொல்லாமல் பெயரடைப் பகுதியில் வைத்துவிட்டார்கள். ஹார்ட்லியை நாங்கள் பள்ளியில் சந்தித்த இடம் இன்னொன்று: 'நோ சூனர்... தேன்', 'ஹார்ட்லி... வென்', 'ஸ்கேர்ஸ்லி... வென்'. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றச் சொல்லி வருஷம் முழுக்க உயிரை எடுத்தார். விளைவு, ஹார்ட்லி என்றதும் எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு 'உடனே' என்றுதான் நினைவு வரும்.

பெரிய புத்தகம் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் 1985-ல் எழுதிய ஆங்கில இலக்கணம். அளவைக் குறைத்துச் சொல்லும் வினையடைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டவுன்டோனர்'. அதை நான்காகப் பிரிக்கிறார்கள். ஆல்மோஸ்ட் போல கிட்டத்தட்ட என்பவை ஒன்று. கைண்ட் ஆஃப், மோர் ஆர் லெஸ் போல மழுப்பலாகச் சொல்பவை இன்னொன்று. ஸ்லைட்லி, பார்ட்லி, சம்வாட் போலக் குறைத்துச் சொல்பவை மூன்றாவது. பேர்லி, ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி போல அடிமட்டத்துக்குக் கொண்டுபோகிறவை நான்காவது. கடைசி வகைக்கு எதிர்மறைக் குணம் உண்டு என்பதை அவர்கள் விடவில்லை, தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் வகைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: குறைப்பவை, மிகக் குறைப்பவை. ஏணியில் ஒரு படி கீழே, இன்னும் ஒரு படி கீழே என்பது மாதிரி. அந்தப் படத்தை மனதில் வாங்கிக்கொண்டவன் ஹார்ட்லியை 'ரொம்பக் கொஞ்சம்' என்றுதான் படிப்பான். என் தம்பி படித்த மாதிரி.

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் ஸ்கேலர், வெக்டர் என்று இரண்டு சொல்லித் தருவார்கள். முன்னதற்கு அளவு மட்டும், பின்னதற்கு அளவும் திசையும். என் புகார் இவ்வளவுதான்: இந்த வினையடைகள் வெக்டர். நமக்குச் சொல்லித் தருவது ஸ்கேலராக.

ஸ்லைட்லி 'உண்டு' என்ற பக்கம் பார்க்கிறது. 'ஸ்லைட்லி டேமேஜ்டு' என்றால் டேமேஜ் இருக்கிறது என்பதுதான் செய்தி, அளவு பிறகு. பேர்லி 'உண்டு' என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு 'இல்லை' பக்கம் பார்க்கிறது. ஹார்ட்லி கொஞ்சம் தந்திரமான ஆள். 'ஐ குட் ஹார்ட்லி ஹியர்' என்றால் பேர்லி மாதிரியே, ஏதோ காதில் விழுந்தது. ஆனால் நல்லது, நியாயம், ஏற்கத்தக்கது மாதிரி மதிப்பிடும் சொல்லுக்கு முன்னால் வந்தால் அது கோட்டைத் தாண்டிவிடுகிறது. 'ஹார்ட்லி ஃபேர்' என்றால் நியாயமே இல்லை. அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது முதல் பயன்பாட்டுக்குச் சரி. இரண்டாவதில் அது ஆளைக் கவிழ்க்கும்.

இதை மெஷினாவது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்தேன். வேடர் என்று ஒரு கருவி. ஹட்டோ, கில்பர்ட் என்ற இருவர் 2014-ல் வெளியிட்டது. ஒரு வாக்கியம் பாராட்டா திட்டா என்று மதிப்பெண் போடும். இன்றைய பெரிய மாடல்களோடு ஒப்பிட்டால் பழசு, ஆனால் இலவசம், சின்னது, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து படிக்கலாம் என்பதால் ஏகப்பட்ட பேர் பயன்படுத்தினார்கள். நானும்தான். அதன் கோடைத் திறந்தால் அளவு வினையடைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. வெரி மாதிரி ஏற்றிச் சொல்பவைக்கு 0.293 கூட்டு. இறக்கிச் சொல்பவைக்கு 0.293 கழி. அந்தக் கழித்தல் பட்டியலில் ஸ்லைட்லி, சம்வாட், பார்ட்லி, பேர்லி, ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எண்ணோடு உட்கார்ந்திருக்கின்றன.

'குட்' என்ற சொல்லுக்கு அதில் 1.9 மதிப்பு. ஸ்லைட்லி குட் என்றால் 1.607. ஹார்ட்லி குட் என்றாலும் 1.607. அதைச் சூத்திரத்தில் போட்டால் கடைசி மதிப்பெண் 0.38 வருகிறது. 0.05-ஐத் தொட்டாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் கருவி அது. ஆக, 'ஹார்ட்லி குட்' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதினால் மெஷின் சந்தோஷமாகப் பச்சை விளக்குப் போடும். என் தம்பி செய்த அதே தப்பு, அதே காரணத்தால்.

வேடிக்கை என்னவென்றால், அதே கோடில் எதிர்மறைச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'ரேர்லி', 'செல்டம்' இரண்டும் இருக்கின்றன. அதாவது எதிர்மறை முகமுள்ள வினையடை என்று ஒன்று உண்டு என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. 'எப்போதாவது' என்று காலத்தைச் சொல்பவைக்கு அந்தச் சலுகை கொடுத்தவர்கள், அளவைச் சொல்பவைக்குக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லை ஒரு பட்டியலில் இருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் முடிகிற வேலை. பேர்லியை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. அதற்கு இரண்டு பட்டியலும் சரிப்படாது.

குறை சொல்லிவிட்டு என் லட்சணத்தையும் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. அந்தக் கருவியைத் தமிழுக்குக் கொண்டுவர நான் ஒரு முயற்சி செய்தேன். ஏற்றும் சொற்கள் சுலபமாகக் கிடைத்தன. நம் இலக்கணமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது: தொல்காப்பியத்தில் உறு, தவ, நனி; நன்னூலில் அதோடு சால, கூர், கழி. இறக்கும் சொற்களுக்கு அப்படி ஒரு கூட்டமாகப் பட்டியல் என் கண்ணில் படவில்லை. உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்று நான்கு சொற்களை, இருப்பது சுருங்குவதைக் குறிப்பதாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அருமையான இடம், ஆனால் அவை வினைகள். நானே கொஞ்சம், சற்று, சிறிது, லேசாக, ஓரளவு, துளி என்று எழுதினேன். ஊர்ப் பேச்சுக்கு இத்தினியூண்டு, துளியூண்டு, சித்த என்றும் சேர்த்தேன். பிறகு ஒரு ஸ்டெம்மர் எழுதினேன். சொல்லின் பின்னால் ஒட்டியிருக்கும் தான், உம், ஏ, கூட, ஆவது எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் எடுக்கும் நிரல் அது.

ஓடவிட்டால் குப்பை.

ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. கழிவு என்று நான் வெட்டித் தள்ளியவை திசையைச் சுமந்துகொண்டிருந்தவை. 'நூல் கொஞ்சம் இருக்கு' என்றால் தறி ஓடும். 'கொஞ்சந்தான் இருக்கு' என்றால் நாளைக்கு நிற்கும். அளவு அதே நூல்தான். 'சற்று' உண்டு பக்கம். ஒரு உம் சேர்த்து 'சற்றும்' என்றால் பின்னால் இல்லை வந்தே ஆகவேண்டும். சிறிது, சிறிதும் அப்படியே. துளி, துளிகூட அப்படியே. இம்மியளவும் என்பதில் இருக்கும் இம்மி, நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி என்ற 1/320-ஐவிட எவ்வளவோ சின்னது. அவ்வளவு சின்ன அளவை எடுத்து உம் போட்டு அதையும் இல்லை என்று மறுக்கிறோம். எண்ணோடு சேர்த்தால் இன்னும் தெளிவு: பத்து மீட்டர் இருக்கு, பத்து மீட்டர்தான் இருக்கு, பத்து மீட்டராவது இருக்கும். மூன்றிலும் டேப் வைத்து அளந்தால் பத்துதான்.

இதில் நம் பழைய ஆட்கள் கில்லாடிகள். முற்றும்மை எதிர்மறையோடு சேர்ந்தால் எச்சப் பொருள் தரக்கூடும் என்று தொல்காப்பியம் இடையியலில் சொல்கிறது. பத்துப் பீஸும் வரலை என்று தறிக்குடோனில் ஒருவர் சொன்னால், ஒன்றுமே வரவில்லையா, பத்தில் சில வந்து சில வரவில்லையா? இரண்டுக்கும் இடம் உண்டு, தொனியில்தான் பிரியும். 'எல்லாம்', 'இல்லை' இரண்டையும் சேர்த்தால் 'ஓரளவு' பிறக்கிறது என்பதை ஓர் இடைச்சொல்லின் கணக்கில் எழுதி வைத்தவர்கள் அவர்கள். 'சில என்று சொன்னால் எல்லாம் இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்' என்பதை, பால் கிரைஸ் 1975-ல் வெளியிட்ட கட்டுரையின் வழியில் விளக்குகிறார்கள். இரண்டும் ஒன்று என்று மார்தட்ட வரவில்லை. ஒன்று இலக்கணம், இன்னொன்று உரையாடலின் தர்க்கம். ஆனால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே இடத்தை.

இங்கே 'அரிதாக' என்ற மொழிபெயர்ப்புக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் அதை மடத்தனம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஹார்ட்லி என்பது ஹார்டு என்ற சொல்லில் இருந்து வந்தது. முதலில் கடுமையாக, பிறகு கஷ்டப்பட்டு, பிறகு அநேகமாக இல்லை என்று மாறியிருக்கிறது. தமிழில் அருமையும் இதே பாதையில் போயிருக்கிறது. கடினம், கிடைக்காமை, கடைசியில் இன்மை. பழைய உரைகளில் அருமை என்பது இன்மையைக் குறிக்கும் இடங்கள் உண்டு. ஹார்ட்லிக்கு அரிது என்று முதலில் எழுதிய ஆள் இரண்டு மொழியையும் நன்றாக அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும். தவறு அவருடையது இல்லை. அதற்குப் பிறகு தமிழ்ச் சொல் நகர்ந்துவிட்டது. இன்றைக்கு அரிதாக என்றால் எப்போதாவது ஒருமுறை. அருமை என்றால் பிரமாதம். அகராதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே வந்ததில், செத்துப்போன அர்த்தத்தை நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம்.

இந்த வியாதிக்கு மருந்து எடுத்துக்காட்டு வாக்கியம்தான். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை (முதல் பதிப்பு 1992, மூன்றாவது 2020) நான் மதிப்பது அதற்காகவே. பொருளைச் சொல்லிவிட்டு, அந்தச் சொல் வாழும் ஒரு வாக்கியத்தையும் தருகிறது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல அதே முறையில், இன்றைய தமிழில் ஒரு கையடக்கப் புத்தகம் இருந்தால் திருப்பூரில் ஒவ்வொரு மெர்ச்சண்டைசர் மேஜையிலும் இருக்கும்.

பனியன் தொழில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தது: வார்த்தையே வேண்டாம், எண்ணைக் கொடு. சாயம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க சாம்பல் நிற அட்டை, ஐஎஸ்ஓ 105 தரத்தில். 5 முதல் 1 வரை, நடுவில் அரை அரையாக, மொத்தம் ஒன்பது படி. ஷேடு வித்தியாசத்துக்கு டெல்டா ஈ. பல பையர்கள் 1-க்குள் இருக்கவேண்டும் என்பார்கள். எங்கள் சோமனூர்ப் பக்கம் நெய்யும் காடாத் துணிக்கு நான்கு புள்ளிக் கணக்கு: பழுது மூன்று அங்குலத்துக்குள் என்றால் ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளி தாண்டினால் ரிஜக்ட் என்பது பரவலான வழக்கம். அப்பா தறி ஓட்டிய காலத்தில் 'லேசா ஒரு இழை விட்டிருக்குதுங்க' என்று குடோனில் பேரம் நடக்கும். லேசு எவ்வளவு என்பது அன்றைக்கு யாருக்கு அவசரம் அதிகம் என்பதைப் பொறுத்தது.

எண் வந்தது பெரிய விடுதலைதான். ஆனால் எண்ணுக்கும் திசை கிடையாதே. டெல்டா ஈ 1.2 என்று ரிப்போர்ட் வந்த பிறகும் ஒரு மனுஷன் மெயில் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. 'ஒன்லி 1.2' என்று எழுதுவாரா, 'ஆல்ரெடி 1.2' என்று எழுதுவாரா என்பதில்தான் லாட்டின் தலையெழுத்து.

அதிலும் எழுதுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். 'க்வைட் குட்' என்றால் பிரிட்டிஷ்காரருக்குப் பெரும்பாலும் பரவாயில்லை ரகம்; அமெரிக்கருக்கு ரொம்ப நல்லா இருக்கு. திருப்பூர்த் துணி இரண்டு பக்கமும் போகிறது. 'ஃபேர்லி' நல்ல சொல்லோடு சேரும், 'ராதர்' கெட்ட சொல்லோடு சேரும் என்று இலக்கணப் புத்தகம் சொல்லும். ஆனால் ஐரோப்பாவில் இருந்து எழுதுகிற பையர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியே இல்லை. அவர்களும் அவர்கள் ஊர் அகராதியைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு மரியாதை வேறு. லண்டன்காரர் 'ஸ்லைட்லி டிஸப்பாயின்டட்' என்றால் கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம். இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. 'உங்ககிட்ட கொஞ்சம் பேசணுங்க' என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கிவிட்டுத்தான் போவோம்.

சரி, ஹார்ட்லி அக்செப்டபிளுக்கு என்னதான் தமிழ்? பல நாள் யோசித்து ஒற்றைச் சொல்லாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எங்கள் தெரு மளிகைக் கடையில் கிடைத்தது. ஓர் அம்மா நைந்துபோன தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத எங்கீங்க வாங்கறது?"

இடம் கேட்கும் கேள்வி இல்லை. வாங்கமாட்டேன் என்பதுதான். ஆனால் வாங்கமாட்டேன் என்று முகத்தில் அடிக்கவும் இல்லை. அந்த மெயிலின் சரியான தமிழ், 'இந்த ஷேடை எங்கீங்க ஏத்துக்கறது?' தம்பியிடம் அப்படிச் சொல்லிக் காட்டியபோது ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். "இப்படி எழுதியிருந்தா கட்டிங் போட்டிருக்க மாட்டேங்ணா" என்றான்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எனக்கு வந்துவிடுகிறது. போன மாதம் ஒன்று: 'லாட் 7 ஈஸ் க்வைட் ஓகே.' அனுப்பியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன், தெரியாது என்றான். நான் க்வைட்டின் வரலாற்றை ஆரம்பிப்பதற்குள் அவன் கம்பெனிக்குப் போன் போட்டு, 'அப்ரூவ்டா, ரிஜக்டடா, ஒரு வார்த்தையில் எழுதி வாங்குங்க' என்று சொல்லிவிட்டான். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அப்ரூவ்டு. அதுவரை துணி ரோலாகவே இருந்தது.